இரண்டாவது பார்வை

மருத்துவத் தொழிலில் ஈடுபட்டவர்கள் பெரும்பாலும் தம் நோயாளிகளை முகத்தைக் கொண்டே ஞாபகம் வைத்துக்கொள்ளுகிறார்கள். நோய்க்குறியியலில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த எனக்கோ முகங்கள் வாய்த்தது அபூர்வம். ஒரு பெயர், ஒரு வயது, ஓர் ஊர், ஃபார்மலின் நிரப்பிய சிறு புட்டியில் கிடக்கும் விரல்நகமளவுச் சதைத்துண்டு, அதனோடு வரும் கசங்கிய காகிதத்தில் மகளிர் வார்டு மருத்துவர் அவசரமாய் எழுதிய இரண்டு வரி: இவ்வளவே ஒரு ஸ்திரீயைப் பற்றி எனக்குத் தெரிந்ததாக இருக்கும். ஆயினும் அந்தத் துண்டைப் பார்த்து நான் எழுதும் ஒரு வாக்கியத்தை நம்பியே, அவளுடைய கர்ப்பப்பையை எடுப்பதா, கதிர்வீச்சுக்கு அனுப்புவதா, கவலை வேண்டாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவதா என்பதெல்லாம் தீர்மானமாயின. முகம் தெரியாத அந்த ஆயிரமாயிரம் பெண்களுக்கு நான் பட்டிருக்கும் கடனை நினைத்தே இதை எழுதுகிறேன்.

1970களின் தொடக்கத்தில் சென்னையில் மேற்படிப்புக்கு இந்தத் துறையை நான் தேர்ந்தெடுத்தபோது, பெண்ணாய்ப் பிறந்தவள் பிரசவம் பார்க்கும் படிப்பை விட்டுவிட்டுப் பிரேதப் பரிசோதனைக் கூடத்துக்குப் பக்கத்தில் போய் உட்காருவதா என்று உறவினர் பலர் வருந்தினார்கள். ஆனால், பிரசவம் பார்க்கும் மருத்துவர்கள் குணப்படுத்த முடியாமல் தவித்த ஒரு வியாதியே என்னை அந்தக் கூடத்துக்கு அழைத்துச் சென்றது. அக்காலத்தில் நம் பக்கத்துப் பெண்களைக் கொண்டுபோன புற்றுநோய்களில் முதலிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கே உரியதாக இருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் விடாமுயற்சியால் 1954இல் 12 படுக்கைகளோடு அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிலையம், டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, டாக்டர் சாந்தா ஆகியோரின் உழைப்பால் அதற்குள் பெரிதாக வளர்ந்து தென்னாட்டின் பல பாகங்களிலிருந்தும் வந்த நோயாளிகளை ஏற்றுக்கொண்டிருந்தது. நான் பணியாற்றிய மருத்துவமனைக்கும் அவர்கள் வந்தார்கள்; நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள், மாதக்கணக்கில் உதிரம் பட்டும் வெள்ளை பட்டும் வாய் திறவாமல் இருந்துவிட்டு, இடுப்பெலும்புவரை நோய் பரவிய பிறகே வந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் சென்னைக்கென்று புற்றுநோய்ப் பதிவேடு ஒன்று ஏற்பட்டபோது, நாங்கள் மைக்ராஸ்கோப்பின் கீழ் நித்தியமும் கண்டுகொண்டிருந்தது எண்களிலும் ருசுவாயிற்று.

ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டவுடன் மக்கள் மனத்தில் தோன்றும் மகத்தான யந்திரங்கள் எதுவும் எங்கள் கூடத்தில் இல்லை. சதைத்துண்டு ஃபார்மலினில் கெட்டிப்பட்டு, படிப்படியாகச் செறிவு கூடும் ஆல்கஹாலில் நீர் நீங்கி, சைலீனில் தெளிந்து, உருக்கிய பாரஃபின் மெழுகில் பதிந்து உறைய வேண்டும். அவ்வாறு உறைந்த மெழுகுக்கட்டியாகிய பிளாக்கை மைக்ரோடோமில் பொருத்தி, ஒரு மில்லிமீட்டரை இருநூறு கூறாக்கினால் வரும் ஒரு கூற்றின் கனத்துக்குச் சீவி, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி, மத்திய அமெரிக்காவில் விளையும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து வடிக்கும் ஹிமடாக்ஸிலினால் உட்கருவை நீலமாகவும், ஈயோஸினால் மற்றவற்றை இளஞ்சிவப்பாகவும் சாயமேற்ற வேண்டும். சித்திரை வெயிலில் மெழுகு இளகிச் சீவல் சுருண்டுவிடும் என்பதால், எங்கள் மூத்த டெக்னீஷியன் காலையிலேயே ஐஸ்கட்டி வாங்கிவரச் செய்து, பிளாக்குகளை அதன்மேல் கவிழ்த்து வைத்து நன்றாகக் குளிர்ந்த பிறகே கத்தியைத் தொடுவார். அவருடைய கைப்பக்குவத்தை எந்தப் பாடப்புத்தகமும் எழுதிவைக்கவில்லை. ஆனால், நான் பிற்காலத்தில் வெளியிட்ட கட்டுரைகள் ஒவ்வொன்றும் அந்தக் கைகளின்மீது நின்றவையே.

என் பேராசிரியர் நிதானமே உருவானவர். முதல் ஆண்டில் ஒருநாள், கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த ஒரு பயாப்ஸியைப் பார்த்து நான் விறுவிறுவென்று ரிப்போர்ட் எழுதி நீட்டியபோது, அவர் அதை வாங்காமல், "அவசரப்படாதேம்மா, ஸ்லைடு எங்கும் ஓடிவிடாது. இன்றைக்குப் பார்த்ததை மறந்துவிட்டு நாளைக்குக் காலையில் இதையே இன்னொரு தடவை பார், இரண்டு நாளும் ஒன்றையே கண்டால் எழுது" என்றார். அந்த உபதேசத்தை அன்று நான் ஒரு தொழில் ஒழுக்கமாக மட்டுமே ஏற்றுக்கொண்டேன். ஸ்திரீகளுக்கு வரும் புற்றுநோய்களைப் பற்றி இந்த நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் மனிதகுலம் அறிந்துகொண்ட பெரிய உண்மைகள் பலவும், எல்லோரும் பார்த்து முடித்துவிட்டதாக எண்ணிய இடத்தில் யாரோ ஒருவர் மறுபடியும் பார்த்ததனாலேயே கிடைத்தவை என்பது எனக்குச் சிறிது சிறிதாகத்தான் விளங்கிற்று.

அதை எனக்கு முதலில் விளக்கியது நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்னும் பத்திரிகையின் 1971 ஏப்ரல் மாதத்து இதழ் ஒன்று. பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட், உல்ஃபெல்டர், போஸ்கன்ஸர் என்னும் இருவரோடு சேர்ந்து எழுதிய சில பக்கக் கட்டுரை அதில் இருந்தது. யோனிக்குழாயில் தெளிசெல் புற்றுநோய் என்பது மிக அபூர்வமானது. இளம்பெண்களிடத்திலோ அநேகமாகக் கேள்விப்படாதது. அது சில ஆண்டுகளுக்குள்ளாகவே 15 முதல் 22 வயதுக்குட்பட்ட பெண்கள் பலருக்கு ஒரே நகரத்தில் வந்திருந்தது. இந்தக் கட்டிகளின் நுண்ணமைப்பை அதற்கு முந்திய ஆண்டிலேயே ஹெர்ப்ஸ்டோடு சேர்ந்து விவரித்தவர் ராபர்ட் ஸ்கல்லி. பெண்ணுறுப்புகளின் நோய்க்குறியியலில் அவரைவிடக் கூரிய கண் படைத்தவர் அக்காலத்தில் இல்லை என்பார்கள். இத்தனை இளவயதில் ஏன் என்று அவர்கள் வியந்துகொண்டிருந்தபோது, நோயுற்ற ஒரு பெண்ணின் தாயார், தாம் கர்ப்பமாக இருக்கையில் சாப்பிட்ட மாத்திரையால் இது நேர்ந்திருக்குமோ என்று கேட்டாராம். அந்தக் கேள்வியை அவர்கள் தள்ளிவிடவில்லை. நோயுற்ற எட்டுப் பெண்களில் 7 பேருடைய தாய்மார் கருச்சிதைவைத் தடுப்பதற்காக டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் மருந்தை உட்கொண்டிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்த 32 தாய்மாரில் ஒருவரும் உட்கொண்டதில்லை. கருச்சிதைவைத் தடுக்க அம்மருந்து பயன்படாது என்று சிக்காகோவில் 1953லேயே ஒரு பரிசோதனை காட்டியிருந்தும், அது தொடர்ந்து கொடுக்கப்பட்டு வந்தது என்பதை வாசித்தபோது என் உடம்பு பதறிற்று. ஒரு தாயின் சந்தேகமும் ஒரு நோய்க்குறியியலாரின் கூர்மையும் சேர்ந்தால் ஒரு தலைமுறையைக் காக்கலாம் என்ற நம்பிக்கையும் அன்றே பிறந்தது. என் ஆராய்ச்சி ஸ்திரீகளின் புற்றுநோய்களைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று அந்த நூலக மேசையில் நான் நிச்சயம் செய்துகொண்டேன்.

கர்ப்பப்பை வாயின் மேற்படலம் அடுக்கடுக்கான செல்களால் ஆனது. அதன் அடியில் மிக மெல்லியதொரு சவ்வு உண்டு. பிறழ்ந்த செல்கள் அந்தச் சவ்வுக்கு மேலேயே அடங்கியிருக்கும்வரை அது புற்றுநோய் ஆகாது. அதைத் துளைத்துக் கீழே இறங்கிய கணம் முதல் அது புற்றுநோய். இந்த நோயின் பெரிய விசேஷம் என்னவென்றால், மேலே தோன்றிய பிறழ்ச்சி கீழே இறங்குவதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டோ அதற்கும் மேலோ எடுத்துக்கொள்ளும்; பல பெண்களிடத்தில் அது தானாகவே மறைந்தும் போகும். கிரேக்க நாட்டில் பிறந்து நியூயார்க்கில் உழைத்த ஜார்ஜ் பாபனிகோலாவ், யோனியிலிருந்து எடுத்துத் தடவிய செல்களிலேயே புற்றுநோயை அடையாளம் காணலாம் என்று 1928இல் சொன்னபோது அதைப் பொருட்படுத்தியவர் சிலரே. அவர் மனம் தளராமல் மறுபடியும் அதே வேலையில் இறங்கி, ஹெர்பர்ட் டிரவுட்டோடு சேர்ந்து 1941இல் கட்டுரையாகவும் 1943இல் நூலாகவும் வெளியிட்ட பிறகே உலகம் கண் திறந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1949லேயே பேப் ஸ்மியர் என்னும் அந்தப் பரிசோதனையை மக்களுக்கு ஒழுங்காகச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். பத்தாண்டு அவகாசம் கொடுக்கும் நோய் ஒன்றினால் ஒரு பெண் சாகிறாள் என்றால், அந்தப் பத்தாண்டும் அவளை ஒருவரும் பார்க்கவில்லை என்பதே பொருள்.

அந்த நோயின் காரணத்தைத் தேடிய வரலாறும் மறுபார்வையின் வரலாறே. இத்தாலிய மருத்துவர் ரிகோனி ஸ்டெர்ன், வெரோனா நகரத்தில் 1760 முதல் 1839 வரை நேர்ந்த மரணங்களின் கணக்கை ஆராய்ந்து, கன்னியாஸ்திரீகளிடத்தில் கர்ப்பப்பைப் புற்றுநோய் அபூர்வமாகவும் மணமான பெண்களிடத்தில் அதிகமாகவும் இருப்பதை 1842லேயே எடுத்துக்காட்டினார். தாம்பத்திய சம்பந்தத்தால் தொற்றும் ஏதோ ஒன்று காரணமாயிருக்கலாம் என்ற ஊகம் அதிலிருந்து வளர்ந்தது. நான் மாணவியாக இருந்த நாளில் அந்தப் பழி ஹெர்பிஸ் வைரஸின் தலையில் விழுந்திருந்தது. ஆனால், உண்மையான குற்றவாளி விட்டுச்சென்ற அடையாளம் அப்போதே எங்கள் ஸ்லைடுகளில் பகிரங்கமாக இருந்தது. மேலடுக்குச் செல்களில் சில, சுருங்கிய கருநீல உட்கருவைச் சுற்றி, மழைக்காலத்து நிலவைச் சூழும் ஊர்கோள் போன்ற ஒரு வெளிறிய வளையத்தோடு காணப்படும். அவற்றைக் கொய்லோசைட்டு என்று 1956இல் கோஸ், டர்ஃபி என்னும் இருவரும் வருணித்திருந்தார்கள். அவை மனித பாப்பிலோமா வைரஸ் தொற்றிய செல்களே என்று கியூபெக்கிலிருந்து மைசெல்ஸும் ஃபோர்ட்டானும் 1976இல் எடுத்துச்சொல்லும் வரையில், இருபது ஆண்டுக் காலம் உலகத்துக் கூடங்களிலெல்லாம் அவை பார்க்கப்பட்டும் அறியப்படாமல் இருந்தன.

மைசெல்ஸ், ஃபோர்ட்டான் இருவரின் கட்டுரையை வாசித்த மறுவாரமே நான் பழைய பிளாக்குகள் வைத்திருந்த அறையின் சாவியைக் கேட்டு வாங்கினேன். ஜன்னல் திறவாத நீண்ட அறை. மர இழுப்பறைகளில் ஆண்டுவாரியாக அடுக்கிய ஸ்லைடுகள். ஓரம் அரித்த சீட்டுகள். நாட்பட்ட அழற்சி என்று ரிப்போர்ட் ஆகியிருந்த தொகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மாலைவேளைகளில் கூடம் ஓய்ந்த பிறகு மறுபடி பார்க்கத் தொடங்கினேன். வளையமிட்ட செல்கள் அவற்றில் எத்தனையோ இடங்களில் இருந்தன. எழுதியவர்கள் அக்காலத்து அறிவுக்கு ஏற்ப நேர்மையாகவே எழுதியிருந்தார்கள்; அவர்கள் கண்ட காட்சிக்கு அர்த்தம் அன்று பிறந்திருக்கவில்லை, அவ்வளவுதான். மெழுகுக்குள் கிடந்த அந்தச் சதைத்துண்டுகளோ, நாங்கள் கேள்வி கேட்கும் பக்குவம் அடையும்வரை பொறுமையோடு காத்திருந்தன.

ஜெர்மனியில் ஹெரால்ட் ட்ஸுர் ஹவுஸனின் குழுவினர் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து பாப்பிலோமா வைரஸின் 16ஆம் வகையை 1983லும் 18ஆம் வகையை 1984லும் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். அந்த 18ஆம் வகையை அவர்கள் கண்ட இடங்களில் ஒன்று ஹீலா செல்கள் என்பதை வாசித்தபோது நான் அடைந்த வியப்பு சொல்லுந்தரமன்று. ஹென்ரியெட்டா லேக்ஸ் என்னும் கறுப்பினத் தாய், 1951இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்து, அதே ஆண்டில் 31 வயதில் இறந்துபோனார். அவருடைய அனுமதியைக் கேளாமலே எடுத்து வளர்த்த செல்களே ஹீலா என்னும் பெயரில் உலகமெங்கும் பரவின. அவருடைய பயாப்ஸிக்கு முதலில் எழுதிய பெயர் தட்டைச்செல் புற்றுநோய். ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து மறுபடி பார்த்தபோது அது சுரப்பிசெல் புற்றுநோய் என்று தெரிந்தது. அவர் மறைந்து 33 ஆண்டுகளுக்குப் பின் அவர் செல்களுக்குள்ளேயே அவரைக் கொன்ற வைரஸும் வெளிப்பட்டது. அந்தத் தாய்க்குச் செய்யவேண்டிய மரியாதையை விஞ்ஞானம் உரிய காலத்தில் செய்யவில்லை. என் மாணவர்களுக்கு அவருடைய சரித்திரத்தைச் சொல்லாமல் கர்ப்பப்பை வாயைப் பற்றிய பாடத்தை நான் ஒருபோதும் தொடங்கியதில்லை.

1990களில் டி.என்.ஏ.யைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். முறை எங்களுக்கும் கைக்கெட்டியபோது, முன்பு கண்ணால் மட்டும் பார்த்த அதே பழைய பிளாக்குகளை மறுபடியும் வெளியே எடுத்தேன். ஃபார்மலின் டி.என்.ஏ.யைத் துண்டுதுண்டாக்கிவிடும்; நீண்ட பகுதியைத் தேடினால் ஒன்றும் கிட்டாது; சிறிய பகுதிகளையே பெருக்கிப் பார்க்க வேண்டும். பல தோல்விகளுக்குப் பின் வைரஸின் சுவடு தெளிவாக வந்தது. பெரும்பாலும் 16ஆம் வகை, அடுத்தபடி 18. உலகின் பல நாடுகளிலிருந்து சேகரித்த கட்டிகளில் 99.7 சதவீதத்தில் இந்த வைரஸ் இருப்பதாக 1999இல் ஒரு பேராய்வு நிலைநாட்டிற்று. அந்த வைரஸின் இ6 என்னும் புரதம் பி53 என்னும் காவற்புரதத்தை அழிக்கிறது, இ7 ஆர்பி என்னும் மற்றொரு காவற்புரதத்தை முடக்குகிறது என்பதும் அதற்குள் தெரிந்துபோயிருந்தது. எங்கள் முடிவு உலகத்துக்குப் புதிதன்று. ஆயினும் நம் ஊர்ப் பெண்களின் நோய்க்கும் இதுவே மூலம் என்பதை நம் ஊர்ப் பெண்களின் சதையிலேயே ருசுப்படுத்தினாலன்றி, இங்கே தடுப்பூசி பலிக்குமா, பரிசோதனை பலிக்குமா என்று கேட்பவர்களுக்கு விடை சொல்ல இயலாது. அந்த விடைக்கு ஒரு சிறு கல்லையேனும் எடுத்துவைத்தோம் என்பது எனக்கு ஆயுள்முழுதும் போதுமான சந்தோஷம்.

சூலகத்தின் கதை இதைக் காட்டிலும் வியப்பானது. வயிறு வீங்கி, நீர் கோத்து, இரண்டு சூலகங்களிலும் குடற்சவ்விலும் கட்டி பரவிய நிலையிலேயே அந்தப் புற்றுநோய் பெரும்பாலும் எங்கள் மேசைக்கு வரும். அதன் ஆரம்ப உருவத்தைச் சூலகத்தில் எத்தனை தேடியும் ஒருவரும் நிச்சயமாகக் காட்ட முடியவில்லை. பி.ஆர்.சி.ஏ. 1 என்னும் மரபணு 1994இல் அடையாளம் காணப்பட்ட பிறகு, அதில் பிறழ்ச்சியோடு பிறந்த பெண்கள் நோய் வருமுன்பே சூலகங்களையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடலாயினர். அவ்வாறு எடுத்த குழாய்களைக் கவனித்துப் பார்த்த டச்சு ஆய்வாளர்கள், பிறழ்ந்த செல்கள் குழாயின் உட்படலத்தில் இருப்பதை 2001இல் அறிவித்தார்கள். பாஸ்டனில் கிறிஸ்டோஃபர் கிரம்மும் அவர் குழுவினரும், சூலகத்தின்மேல் கவிந்திருக்கும் விரல்கள் போன்ற குழாய்நுனியை முழுமையாக நீளவாட்டில் அரிந்து பார்க்கும் முறையை வகுத்து, சூலகப் புற்றுநோய் என்று நாம் அழைத்துவந்தவற்றில் மிகக் கொடிய வகையின் பிறப்பிடம் பெரும்பாலும் அந்த நுனியே என்று காட்டினார்கள். அதுவரையில் குழாயின் நடுவிலிருந்து ஒரே ஒரு வில்லையை எடுத்து, குழாய் இயல்பாக இருக்கிறது என்று எழுதுவதே உலக வழக்கம். பாடப்புத்தகமே அவ்வாறு விதித்திருந்தது. எங்கள் கூடத்தில் புதிய முறையைக் கைக்கொண்ட சில காலத்துக்குள், ஒரு மாணவி நுனியின் மடிப்பு ஒன்றில், ஊசிமுனையளவு இடத்தில், பி53 சாயத்தில் பழுப்பாக நின்ற செல்வரிசையைக் கண்டு என்னை அழைத்தாள். பலமுறை பார்த்தேன். என் படிப்புக் காலம் முழுவதும் தேடப்பட்ட அந்த ஆரம்பம், நாங்கள் வாளியில் ஒதுக்கிவந்த ஒரு துண்டில் இருந்திருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு வாய் எழவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2010 முதல், வேறு காரணத்துக்காகக் கர்ப்பப்பையை எடுக்கும்போதே குழாய்களையும் எடுத்துவிடுவது நல்லது என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தத் தொடங்கினார்கள். மைக்ராஸ்கோப்பின் கீழ் கண்ட ஒரு காட்சி அறுவை மேசைக்குச் சென்று சேர்ந்ததற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் இல்லை.

முகங்கள் வாய்த்தது அபூர்வம் என்றேன். வாய்த்த முகங்களில் ஒன்றை எழுதாமல் இருக்க முடியாது. திண்டிவனத்துப் பக்கமிருந்து வந்த ஒரு கூலிக்காரப் பெண்மணி, வார்டில் கேட்டு அலுத்து, விசாரித்துக்கொண்டு எங்கள் கூடத்து வாசலுக்கே வந்துவிட்டார். "டாக்டரம்மா, சதை எடுத்தாங்களே, சீட்டு வந்துடுச்சாம்மா? ஊர்ல நடவு ஆரம்பிச்சிட்டாங்க, இன்னொரு தபா வர பஸ்ஸுக்குக் காசு இல்லம்மா" என்றார். உட்காரச் சொல்லி, அவருடைய ஸ்லைடை வரிசையில் முன்னால் எடுத்துப் பார்த்தேன். செல்கள் சவ்வைத் தாண்டியிருக்கவில்லை. அன்றே கையெழுத்திட்டு, நானே உடன்சென்று வார்டு மருத்துவரிடம் சேர்த்தேன். சிறிய சிகிச்சையோடு அவர் பிழைத்தார். ரிப்போர்ட்டை வாங்க மறுபடி வர வழியில்லாமல் ஊரோடு போய்விட்ட மற்றப் பெண்களை எண்ணி அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நோய்க்குறியியலின் பிழையற்ற முடிவும், நோயாளியின் கையில் சேராவிட்டால் வெறுங்காகிதமே.

ஆகவேதான், திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய ஆராய்ச்சியின் முடிவை 2007இல் லான்செட் பத்திரிகையில் கண்டபோது, என் சொந்தக் கட்டுரை எதுவும் தராத மகிழ்ச்சியை அது எனக்குத் தந்தது. அம்பிளிக்கையிலிருந்த சமூக சுகாதார மையத்தாரும் பிரான்ஸின் லியோன் நகரத்துச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் சேர்ந்து நடத்திய அதில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் கிராமங்களுக்குச் சென்று, 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களின் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுக்கும் இடத்தைக் கண்ணாலேயே பார்த்தார்கள். தேவையானவர்களுக்குச் சிகிச்சையும் உடனே கிட்டிற்று. ஒரே ஒரு தடவை பார்த்ததிலேயே நோய் 25 சதவீதமும் அதனால் நேரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் வைரஸ் பரிசோதனையைக் கொண்டு நடத்திய பேராய்வு, 2009இல் இன்னும் பெரிய பயனைக் காட்டிற்று. நோயாளி மருத்துவமனையைத் தேடி வரவேண்டும் என்று நாங்கள் காத்திருந்த முறைக்கு அந்தச் செவிலியர்கள் ஒரு மாற்றைக் காட்டிவிட்டார்கள்.

இன்று இந்நோயைத் தடுக்கும் ஊசி உண்டு. வைரஸைக் காட்டும் பரிசோதனை உண்டு. 2030க்குள் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுமியரில் 90 சதவீதத்தினருக்குத் தடுப்பூசி, பெண்களில் 70 சதவீதத்தினருக்குப் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை என்ற இலக்கை உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்திருக்கிறது. ஆயினும் இந்தியாவில் ஆண்டுதோறும் 1,20,000க்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் காணப்படுகிறது. இந்த நோயைப் பொறுத்தவரை அறிவில் குறையில்லை. அறிந்ததைக் குடிசைவரை கொண்டுசெல்லும் சிரத்தையே குறை. சூலகத்தின் புற்றுநோயிலோ, நோய் முற்றுவதற்கு முன் கண்டுபிடிக்கும் நம்பகமான பரிசோதனை ஒன்று இன்னும் பிறக்கவில்லை. அங்கே கண்ணுக்கும் அறிவுக்கும் வேலை மிச்சமிருக்கிறது.

இத்துறைக்கு வரும் இளைஞர்களிடம் நான் வேண்டிக்கொள்வன சில. பழைய பிளாக்குகளை இடம் அடைக்கிறது என்று எறிந்துவிடாதீர்கள். நீங்கள் இன்று கேட்கத் தெரியாத கேள்விக்கு அவற்றில் விடை இருக்கும். குழாய்நுனியை முழுவதும் அரிந்து பாருங்கள். ஐயம் எழுந்தால் வயதில் இளையவரானாலும் இன்னொருவரிடம் காட்டக் கூசாதீர்கள். கையெழுத்திட்ட ரிப்போர்ட் அந்தப் பெண்ணைப் போய்ச் சேர்ந்ததா என்று விசாரியுங்கள்; அதுவும் உங்கள் வேலையே. பார்த்தாயிற்று, தெரிந்தாயிற்று என்று உலகம் மூடிவைத்ததைத் திறந்து மறுபடியும் பார்க்கும் தைரியம் உங்களிடம் இருக்குமானால், எங்கள் தலைமுறை இழந்த பெண்களைப் போன்றவர்களை உங்கள் தலைமுறை இழக்க வேண்டியிராது.